தெளிப்பானைக் கீழே வையுங்கள், மூடியைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் டொக்டர். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகனுடைய பிறந்தநாளுக்கு ஒரு பால் பைதான் (ball python) பாம்புக் குட்டி வாங்கிக் கொடுத்தோம். இப்போது அதற்கு நாலு மாதம், நிறை 120 கிராம். 20 கேலன் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி. கடையில் தந்தபடி அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), மேலே சிவப்பு பல்ப், உள்ளே ஆஸ்பென் மரச்சீவல், கண்ணாடியில் ஒட்டுகிற முள் வைத்த மீட்டர் இரண்டு. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறோம். தெளித்ததும் ஈரப்பதம் 70 காட்டும். மத்தியானத்துக்குள் 30க்கு இறங்கிவிடும். போன தடவை தோல் துண்டுதுண்டாக உரிந்தது, வால் நுனியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மூன்று கிழமையாக எலியைத் தொடவில்லை. மகன் தினமும் இளஞ்சூட்டு நீரில் குளிக்க வைக்கிறான். 'பால் பைதான் அப்படித்தான், பட்டினி கிடக்கும்' என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த ஹீட் மேட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாச் சாமானும் இருக்கிறது, தெர்மோஸ்டாட் மட்டும் இல்லை. குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி அது. தெர்மோஸ்டாட் இல்லாத மேட்டுக்கு நிற்கத் தெரியாது. அதன் மேலுள்ள கண்ணாடி 45 டிகிரியைத் தாண்டிப் போகலாம். வயிற்றுப் பக்கமிருந்து ஏறும் சூட்டைப் பாம்பு ஆபத்தாக எடுத்துக்கொண்டு சட்டென்று விலகாது. தோல் வெந்த பிறகும் அதே இடத்தில் படுத்திருக்கும். குட்டியை மெதுவாகத் தூக்கி வயிற்றுச் செதில்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பால் வெள்ளையாக இருந்தால் சரி. இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ திட்டுகள், கொப்புளம், விளிம்பு சுருண்ட செதில் தென்பட்டால் இன்றோ நாளையோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வீட்டிலிருக்கும் களிம்பு எதையும் பூசாதீர்கள்.

வயிறு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன். ஈரம் நிற்கவில்லை, தோல் கிழிந்து உரிகிறது, சாப்பிடவில்லை என்று மூன்று தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான்: தொட்டியின் மூடி. நீங்கள் எத்தனை தடவை தெளித்தாலும் அந்த வலை வழியாக எல்லாம் போய்விடுகிறது. ஈரத்தைக் கூட்டும் வழியைத் தேடுவதை விட்டு, இருப்பதைத் தப்பவிடாமல் பிடிக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

இதற்குக் கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் நல்லது. காற்று சூடாக ஆக, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு கூடும். 21 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 18 கிராம் நீராவி தாங்கும். 26 டிகிரியில் 24 கிராம். 32 டிகிரியில் 34 கிராம். ஈரப்பத மீட்டர் காட்டுவது, தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதை மட்டுமே. ரொறன்ரோ குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 10 என்றால், அந்தக் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் கனமீட்டருக்கு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் நீராவி இருக்கும். அது வீட்டுக்குள் வந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் 21 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கிட்ட வந்துவிடுகிறது. சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 25க்கு ஏற்றுகின்றன என்று வையுங்கள். அதே காற்று உங்கள் பல்புக்குக் கீழே 32 டிகிரிக்குச் சூடானால் திரும்பவும் 13, 14க்கு விழும். ஒரு சொட்டு ஈரமும் எங்கும் போகாமலே இது நடக்கிறது.

போதாக்குறைக்கு வலை மூடி ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. பல்புக்குக் கீழே சூடான ஈரக் காற்று மேலே ஏறி வலை வழியாக வெளியேற, அந்த இடத்தை நிரப்ப வீட்டின் காய்ந்த காற்று மற்ற ஓரங்களில் இறங்குகிறது. இது நாள் முழுக்க நடக்கிற ஓட்டம். நீங்கள் தெளித்த தண்ணீர் மரச்சீவலின் மேற்பரப்பில் உட்கார்ந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்த ஓட்டத்தோடு போய்விடுகிறது. இடையில் பாம்பின் வயிறு மட்டும் நனைந்த தரையில் கிடக்கிறது. மேல்தரை நனைந்தும் காற்று காய்ந்தும் இருப்பதுதான் மிக மோசமான சேர்க்கை. தோல் உரிவதற்கு வேண்டிய ஈரம் கிடைக்காது, செதில் அழுகலுக்கு வேண்டிய ஈரம் மட்டும் கிடைக்கும். ஆஸ்பென் சீவல் நனைந்தால் சில நாளில் பூஞ்சையும் பிடிக்கும்.

இந்தப் பாம்பு வந்த இடத்தை நினைத்தால் என்ன தேவை என்பது விளங்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளிலும் வயல் ஓரங்களிலும் எலி வளைகளுக்குள்ளும் பழைய கரையான் புற்றுகளுக்குள்ளும் பகலைக் கழிக்கிற பிராணி இது. அங்கே ஹர்மட்டான் என்ற வறண்ட பாலைவனக் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே உதடு வெடிக்கும் வறட்சி. ஆனாலும் வளைக்குள் காற்றோட்டம் குறைவு, மண்ணில் ஈரம் உண்டு, வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. உங்கள் தொட்டியை அந்த வளைக்குக் கிட்டக் கொண்டுபோவதுதான் வேலை.

மாற்றங்களைப் பாம்பை உள்ளே வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். 10 முதல் 15 லிட்டர் கொள்ளும், மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் துளைகள் பத்துப் பன்னிரண்டு போடுங்கள். உள்ளே கிச்சன் பேப்பர், குட்டி நுழைந்து சுருள ஒரு சின்ன மறைவிடம், கவிழாத சிறு தண்ணீர்க் கிண்ணம். பழைய ஹீட் மேட் இங்கே உதவும். டப்பாவின் அடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மேட்டின் மேல் வரட்டும். மேட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவில் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை ஒட்டி 32 டிகிரியில் வையுங்கள். டப்பா மேட்டை அழுத்தி உட்காராதபடி நான்கு மூலையிலும் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ரப்பர் பொத்தான் ஒட்டினால் சூடு ஓரிடத்தில் தேங்காது. தெர்மோஸ்டாட் கைக்கு வரும்வரை மேட்டை இணைக்கவே வேண்டாம்; டப்பாவை வீட்டில் ஆகச் சூடான அறையில், 24 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால் ஒரு நாள் தாங்கும்.

இப்போது தொட்டிக்கு வருவோம். இடத்திலிருந்து தொடங்குங்கள். பேஸ்மென்டில் தரை எப்போதும் குளிர். தொட்டி தரையில் இருந்தால் மேசைக்கு ஏற்றுங்கள். வெளிச்சுவர், ஜன்னல், ஃபர்னஸ் காற்று வரும் துவாரம் மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். அந்தத் துவாரத்துக்கு எதிரே வைத்த தொட்டியில் நீங்கள் செய்யும் எதுவும் நிற்காது. பின்பக்கமும் இரு பக்கவாட்டும் வெளியே 2 செ.மீ. தடிப்பான ஃபோம் அட்டை வெட்டி ஒட்டுங்கள். கண்ணாடி சூட்டை வேகமாக வெளியே விடும். மேல்மாடி வீட்டுக்காரர் இரவில் ஹீட்டரை 18க்குக் குறைக்கிறவராக இருந்தால் இந்த அட்டை மிக அவசியம். மூன்று பக்கம் மறைந்தால் குட்டியும் அச்சமின்றி இருக்கும்.

வெப்பத்துக்கு இனி மேலிருந்து வரும் சூடு. நான் சொல்லப்போகும் ஆழமான தரைப்பொருளோடு அடி மேட் ஒத்துவராது. எட்டு செ.மீ. மண்ணைத் தாண்டிச் சூடு மேலே வராது, கீழேயே தேங்கும். குட்டி தோண்டிக்கொண்டு நேரே அந்தக் கண்ணாடியில் போய்ப் படுக்கும். சிவப்பு பல்பையும் எடுத்துவிடுங்கள். பாம்புக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பது கடைப் பேச்சு. இரவு முழுக்க வெளிச்சம் இருந்தால் அதன் பகல்-இரவுக் கணக்கு குழம்பும். அதற்குப் பதில் வெளிச்சம் தராத இரண்டு வகை உண்டு. டீப் ஹீட் புரொஜெக்டர் என்பது உடலுக்குள் கொஞ்சம் ஆழமாக ஊடுருவும் அகச்சிவப்புக் கதிரைத் தருவது. 50 வாட் போதும், ஆனால் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட் வேண்டும். செராமிக் எமிட்டர் விலை குறைவு, சாதாரண ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டோடும் ஓடும்; 60 வாட் எடுங்கள். அது பெரும்பாலும் மேற்பரப்பையும் காற்றையும்தான் சூடாக்கும். பணம் இடம் கொடுத்தால் முதலாவது. இல்லையென்றால் இரண்டாவதிலும் குட்டி நன்றாகவே வளரும். எதுவானாலும் பீங்கான் ஹோல்டர் உள்ள டோமில் (விளக்கின் மேல் கவிழும் கிண்ண வடிவக் கூடு) மட்டும் மாட்டுங்கள், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். டோம் வலைக்கு மேலே வெளியே இருக்கட்டும். உள்ளே தொங்கவிட்டால் குட்டி அதைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும்.

'100 வாட் போட்டால் சீக்கிரம் சூடாகுமே' என்று கடையில் சொல்லலாம். வேண்டாம். தெர்மோஸ்டாட்டும் ஒரு இயந்திரம்தான். ஆன்-ஆஃப் வகையில் ரிலே என்ற உள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு ஆனிலேயே நின்றுவிடுவது உண்டு. உணர்முனை இடம் நழுவி வெளியே விழுந்தால், அது அறையின் 20 டிகிரியைப் பார்த்துவிட்டுத் தொட்டி குளிர்கிறது என்று நினைத்து முழுவீச்சில் எரியவிடும். 30 செ.மீ. உயரமே உள்ள தொட்டியில் 100 வாட் முழுவீச்சில் எரிந்தால் குட்டிக்குப் போக இடமில்லை. 50, 60 வாட் என்றால் அப்படி ஒரு நாள் நடந்தாலும் குளிர்ப்பக்கம் அதற்கு மிச்சமிருக்கும். மூன்று பக்கமும் அட்டை ஒட்டி, மூடியும் மூடி, அப்படியும் இந்தச் சூட்டு விளக்கு ஓயாமல் எரிந்து 32ஐத் தொடவில்லை என்றால் மட்டும் 80க்குப் போங்கள்.

உணர்முனையைச் சூட்டுப் பக்கத்தில், பாம்பின் முதுகு உயரத்துக்கு, விளக்குக்கு நேர் கீழே வரும்படி கட்டுங்கள். கேபிள் டை அல்லது உறிஞ்சுக் கொக்கி பயன்படுத்துங்கள். தொட்டிக்குள் எந்த ஒட்டு நாடாவும் வேண்டாம். குட்டி ஒரு தடவை டேப்பில் ஒட்டினால் செதிலோடு பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தெர்மோஸ்டாட்டை 32இல் வைத்துவிட்டு, அந்த எண்ணை நம்பாமல் அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானியால் அளந்து பாருங்கள். விளக்குக்கு நேர் கீழே உள்ள பரப்பு 32 முதல் 34. சூட்டுப் பக்க மறைவிடத்துக்கு உள்ளே 30, 31. குளிர்ப்பக்கம் 25, 26. இரவில் எந்த மூலையும் 23க்குக் கீழே போகக் கூடாது. குட்டிக்கு இரவு தனி எண் வைக்கத் தேவையில்லை. துப்பாக்கி மேற்பரப்பை மட்டுமே அளக்கும். மறைவிடத்துக்குள் இருக்கும் காற்றை அறிய வயரோடு கூடிய டிஜிட்டல் மானி வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டிய முள் மீட்டர்களைத் தூக்கிப் போட்டுவிடலாம். அவை கண்ணாடியின் வெப்பத்தைத்தான் சொல்லும். ஈரப்பதத்தில் பத்துப் பதினைந்து தவறுவது சாதாரணம். அதனால் உங்கள் 70ஐயும் 30ஐயும் நான் சரியான எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை, விழுகிறது என்ற செய்தியாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். கூடியதும் குறைந்ததும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் வெப்ப-ஈரப்பத மானி இரண்டு வாங்குங்கள். வாங்கியதும் உப்புச் சோதனை செய்யுங்கள். ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, கரையாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில துளி நீர் விடுங்கள். அதையும் மானியையும் ஒரு ஸிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, வெப்பம் மாறாத இடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75இல் நிற்கும். மானி 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். 79 என்றால் 4 கழியுங்கள். எண்ணை மானியின் முதுகில் எழுதி ஒட்டினால் மகனும் மறக்கமாட்டார்.

இனி மூடி. சமையலறை அலுமினியத் தாளை இரட்டையாக மடித்து வலையின் மேல் விரியுங்கள். டோமின் விளிம்பைச் சுற்றி 3, 4 செ.மீ. விட்டுவிடுங்கள். குளிர்ப்பக்கக் கோடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை திறந்திருக்கட்டும். மொத்தத்தில் ஐந்தில் நாலு பங்கு மூடியிருக்கும். பாம்புக்குத் தேவையான காற்று இந்தத் திறப்பிலும் மூடியின் இடுக்கிலும் தாராளமாக வரும். பலர் வலை மேல் ஈரத் துவாய் போடுகிறார்கள். சில மணி நேரத்தில் காய்ந்து, சூடான டோமுக்குப் பக்கத்தில் துணியாகக் கிடக்கும். தீக்கு அழைப்பு அது. பிளாஸ்டிக் சுருள்தாளும் அதே காரணத்தால் வேண்டாம். மூடிக்கு நாலு மூலையிலும் கிளிப் போட்டீர்களா? இந்த வயதுக் குட்டி மூக்கால் மூடியைத் தூக்கிக்கொண்டு ஃபர்னஸ் அறைக்குள் போய்விடும்.

அடுத்தது தரை. ஆஸ்பென் முழுவதையும் அள்ளிவிட்டு, தேங்காய் மட்டைத் துண்டும் தென்னைநார்த் தூளும் கலந்து போடுங்கள்: துண்டு இரண்டு பங்கு, தூள் ஒரு பங்கு. நீளவாக்கான 20 கேலன் தொட்டியின் தரை 76க்கு 30 செ.மீ.; எட்டு செ.மீ. ஆழத்துக்குப் பதினெட்டு லிட்டர் வேண்டும். பொள்ளாச்சியிலும் இலங்கையிலும் கட்டியாக அழுத்தி ஏற்றுமதியாகிற அதே சரக்குதான். ஊர்வனக் கடையில் இரண்டு மடங்கு விலை, தோட்டக் கடையில் மலிவு. தோட்டக் கடையில் வாங்கினால் உரம் கலக்காதது என்று பார்த்து வாங்கி, உப்புப் போக இரண்டு தடவை அலசிப் பிழிந்து எடுங்கள். சீடார், பைன் சீவல்களைத் தொடாதீர்கள். அவற்றின் மணமுள்ள எண்ணெய் பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது.

கலவையைப் பெரிய வாளியில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டுப் பிசையுங்கள். கைப்பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. தொட்டியில் பரப்பி, விளக்கு எரியவிட்டு ஒரு நாள் விடுங்கள். மேலே ஒரு விரல் ஆழம் காய்ந்து, கீழே ஈரமாக இருக்கும். அந்த நிலைதான் வேண்டும்: காய்ந்த தரையில் பாம்பு, அடியிலிருந்து மெதுவாக எழும் ஈரம். இதற்குப் பிறகு தெளிப்பானுக்கு வேலை இல்லை. ஈரம் குறைந்தால் இரண்டு மூலைகளில் ஒரு தம்ளர் வீதம் மெதுவாக ஊற்றுங்கள். நீர் மேலே நிற்காமல் அடிக்கு இறங்கும். குளிர்காலத்தில் வாரம் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும். கண்ணாடி வழியே பார்த்தால் அடியில் நீர் தேங்கி நிற்கக் கூடாது. வாரம் ஒரு தடவை கையால் புரட்டிவிடுங்கள். மண் வாசனை நல்லது, புளித்த வாசனை என்றால் ஊற்றியது கூடிவிட்டது.

ஈரப்பதத்தைக் குளிர்ப்பக்கத்தில், தரை மட்டத்தில் அளந்து 60 முதல் 70க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம் சூட்டுப் பக்கம் 45, 50 காட்டும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் ஊற்றிவிடாதீர்கள். மேலே சொன்ன கணக்குத்தான்: 26 டிகிரியில் 65 சதவீதமாக இருக்கும் காற்று 32 டிகிரிக்குப் போனால் 47 ஆகும். இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும் என்று ஊற்றிக்கொண்டே போனால்தான் தொட்டி சதுப்பு நிலமாகிறது. தோல் உரிவதற்கு முன் கண்கள் நீலம் பாரிக்கும் நாளிலிருந்து தோல் உரியும்வரை 70, 75இல் வைத்தால் போதும். காலையில் கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தால் அலுமினியத் தாளை இன்னும் இரண்டு விரல் விலக்குங்கள். அறையே மிக வறண்டிருந்தால் அறைக்கு ஒரு சின்ன ஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை 35க்கு ஏற்றுங்கள். உங்கள் மூக்குக்கும் நல்லது. தொட்டிக்குள் புகையாக மூடுபனி விடும் ஃபாகர் வேண்டாம். அது தரையையும் பாம்பையும் நனைக்கும், தன் நீர்க்கலத்தில் வளரும் கிருமியை நேரே மூச்சுக்குள் அனுப்பும்.

மறைவிடம் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி. குட்டி சுருண்டால் உடம்பு சுவரில் முட்டும் அளவு சிறியதாக, ஒரு வாசல் மட்டும் உள்ளதாக. ஒன்று சூட்டில், ஒன்று குளிரில். ஒன்றுதான் இருக்கிறது என்றால் குட்டி வெப்பத்தையும் பாதுகாப்பையும் ஒன்றுக்கொன்று விலை பேச வேண்டியிருக்கும். பயந்த குட்டி எப்போதும் பாதுகாப்பைத்தான் எடுக்கும், உடம்பு குளிர்ந்தாலும். நடுவில் வெற்றிடம் விடாமல் கார்க் பட்டை, பிளாஸ்டிக் இலை, சுருட்டிய அட்டை என்று நிரப்புங்கள். தண்ணீர்க் கிண்ணம் குளிர்ப்பக்கம். ஸ்பேக்னம் பாசி அடைத்த ஈர மறைவிடம் வைக்கலாமா என்றால், தொட்டியே 60இல் இருந்தால் தேவையில்லை. தொட்டி காய்ந்து கிடக்க ஒரு மறைவிடம் மட்டும் ஈரமாக இருந்தால் குட்டி வெளியே வராமல் அதற்குள்ளேயே கிடந்து வயிறு புண்ணாகும்.

இப்படி அமைத்த தொட்டியைப் பாம்பில்லாமல் இரண்டு நாள் ஓடவிட்டு, மானியின் நினைவில் இருக்கும் கூடிய, குறைந்த எண்களைப் பாருங்கள். இரவு மூன்று மணிக்கு என்ன ஆனது என்பது அங்கேதான் தெரியும். எண்கள் நின்றபிறகு குட்டியை விடுங்கள்.

தினமும் குளிக்க வைப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் திரவம் ஊறிப் பிரிவது பல நாள் நடக்கும் வேலை. அந்த நாள்கள் முழுக்கக் காற்றில் ஈரம் வேண்டும், உடம்பிலும் நீர் வேண்டும். பத்து நிமிடக் குளியலால் அது வராது. நனைந்த குட்டி 20 டிகிரி அறையில் ஆவியாதலாலேயே குளிர்ந்துபோகும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் தொற்றுக்கு வழி. வால் நுனியில் ஒட்டியிருக்கும் தோலை மட்டும் விடக் கூடாது. காய்ந்து இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தும், நுனி கருகி விழும். துளையிட்ட அந்த டப்பாவில் 29, 30 டிகிரி நீரில் நனைத்துப் பிழிந்த துவாயை விரித்துக் குட்டியை அரை மணி நேரம் ஊர விடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பிறகு ஈரப் பஞ்சால் வால் நுனிப் பக்கமாக மெதுவாக உருவுங்கள். வராவிட்டால் நாளை மறுநாள் இன்னொரு தடவை. கண் மேல் மூடித்தோல் தங்கியிருப்பதாகத் தோன்றினால் ட்வீசர் பக்கமே போகாதீர்கள், அடுத்த உரிப்பில் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் மருத்துவர் எடுப்பார்.

சாப்பாட்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தொட்டி சரியாகும்வரை எலி காட்டுவது வீண். ஒவ்வொரு மறுப்பும் குட்டிக்கும் ஒரு அலைக்கழிப்பு. குளிர்ந்த குட்டிக்குச் செரிமானம் நடக்காது, வாங்கினாலும் கக்கிவிடும். கடைக்காரர் சொன்னது வளர்ந்த பாம்புக்குப் பாதி உண்மை. அவை குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதுண்டு. 120 கிராம் குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. புதிய தொட்டியில் விட்டபின் ஏழு நாள் யாரும் தொட வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். எட்டாம் நாள் மாலை, அறை விளக்கை அணைத்த பிறகு, 12 முதல் 15 கிராம் நிறையுள்ள எலி ஒன்று. உறைந்த எலியை இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, ஸிப் பையிலிட்டு 40 டிகிரி நீரில் கால் மணி நேரம் வைத்து, ஈரம் ஒற்றி எடுத்து, தலைப்பக்கம் 37, 38 டிகிரி இருக்கும்போது நீளக் குறடால் மறைவிட வாசலில் காட்டுங்கள். மைக்ரோவேவ் கூடாது. இரையை அடையாளம் காணப் பாம்புக்கு மேலுதட்டிலுள்ள வெப்பக் குழிகள் பெரிதும் உதவுகின்றன. ஆறிய எலி அதற்குக் கண்ணில் படாத எலி. எடுக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு எல்லோரும் போய்விடுங்கள், காலையில் இருந்தால் எறிந்துவிட்டு ஏழு நாள் கழித்து முயலுங்கள். கண் நீலமாக இருக்கும் நாள்களில் காட்டவே வேண்டாம். சாப்பிட்டால் இரண்டு நாள் தொடாதீர்கள். கக்கினால் பத்து முதல் பதினான்கு நாள் விட்டு, பாதி அளவு எலி.

மின்வெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் ரொறன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போய், சிலருக்குப் பல நாள் வரவில்லை. அப்படி நேர்ந்தால் குட்டியைத் தலையணை உறையில் விட்டு வாயைக் கட்டி, ஸ்டைரோஃபோம் பெட்டியில் வைத்து, துவாயில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலைப் பக்கத்தில் வையுங்கள், உறையோடு ஒட்டி அல்ல. மூடியில் இரண்டு துளை. போத்தலை நாலைந்து மணிக்கு ஒரு தடவை மாற்றலாம். மின்சாரம் வரும்வரை தீனி கிடையாது. வெறும் வயிற்றோடு 21, 22 டிகிரியில் ஓரிரு நாள் தாங்கும். வயிற்றில் எலியோடு தாங்காது.

இந்தத் தொட்டி இன்னும் ஓராண்டுக்குப் போதும். அடுத்தது வாங்கும்போது கண்ணாடியை விட்டு, முன்பக்கம் திறக்கும் 120க்கு 60 செ.மீ. பிவிசி பெட்டியாகப் பாருங்கள். அதில் சூடும் ஈரமும் தானாகவே நிற்கும், அலுமினியத் தாள் வேலையெல்லாம் மிச்சம். இந்தப் பாம்பு இருபது, முப்பது ஆண்டு வாழக்கூடியது. மகன் கல்லூரிக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கப்போவது நீங்களும் அதுவும்தான். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைதான் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் 2024 முதல் அரசிடம் பதிவு கட்டாயம்.

சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை, வாரத்தின் அதே நாளில், தீனிக்கு முன் குட்டியின் நிறையைப் பார்த்து எழுதிவையுங்கள். 108 கிராமுக்குக் கீழே போனால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், காத்திருக்க வேண்டாம். மூச்சில் விசில் அல்லது குமிழிச் சத்தம், வாயோரம் நுரை, வாயைத் திறந்தபடி தலையை மேல்நோக்கி வைத்திருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம். போகும்போது நிறைக் குறிப்பையும், மானியின் கூடிய குறைந்த எண்களையும், தொட்டியின் படத்தையும், உரிந்த தோல் துண்டுகளையும் எடுத்துப் போங்கள்.